காட்டின் இரவை விலைபேசுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரி மாவட்டத்தில் முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியுள்ள மசினகுடி, மாவனல்லா, பொக்காபுரம், வாழைத்தோட்டம் ஆகிய ஊர்களில் தங்கும் விடுதிகளும் ஹோம்ஸ்டேக்களும் நடத்துகின்ற உரிமையாளர்களுக்கும், அவர்களிடம் ஜீப் ஓட்டுகின்ற தம்பிமார்களுக்கும்,

விடுமுறைக் காலம் தொடங்குவதற்கு முன் நீங்கள் கூடிப் பேசியபோது, இரவு ஜீப் சவாரியை நிறுத்தும்படி ஊர்ப் பெரியவர்கள் எழுதிக் கொடுத்த மனு வாசிக்கப்படவே இல்லை என்று அறிந்தேன். விருந்தினர் கேட்பதைக் கொடுப்பதுதான் தொழில் என்றும், அவர்கள் கேட்பது சரியா தவறா என்று ஆராய்வது நம்முடைய வேலை இல்லை என்றும் அங்கே பேசப்பட்டதாக, அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களே என்னிடம் சொன்னார்கள். அதை ஒருவரும் மறுத்துப் பேசவில்லை என்பதையும் அவர்களே சொன்னார்கள். மனுவில் கையெழுத்திட்டவர்களுள் நானும் ஒருவன். இந்தப் பகுதிப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன்; உங்களில் பலருக்கு எழுத்தறிவித்தவன். அந்த உரிமையை வைத்துக்கொண்டு, எல்லோரும் படிக்கும்படியாக இந்த மடலை எழுதுகிறேன்.

நம் ஊர்கள் அமைந்திருக்கும் சீகூர் பீடபூமி எப்படிப்பட்ட இடம் என்பதை இங்கே பிறந்து வளர்ந்த உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் விருந்தினர் கையில் நீங்கள் கொடுக்கும் வண்ணத் துண்டறிக்கைகளில் அது இடம்பெறுவதில்லை. தெற்கே நீலகிரியின் சரிவு யானை ஏற முடியாத அளவுக்குச் செங்குத்தாக நிற்கிறது. வடக்கே மாயாறு பள்ளத்தாக்கு ஆழமாக வெட்டிக்கொண்டு போகிறது. நடுவில் கிடக்கும் இந்தச் சமநிலத்தின் வழியாகத்தான் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கும் இடையே யானைகள் போய்வருகின்றன. 2010ஆம் ஆண்டு தமிழக அரசு இதை யானை வழித்தடமாக அறிவித்ததும், 2011இல் சென்னை உயர் நீதிமன்றமும் 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றமும் அந்த அறிவிப்பை உறுதி செய்ததும், இடையில் 2018இல் விடுதிகள் பல மூடி முத்திரையிடப்பட்டதும் உங்களுக்குத் தெரிந்த செய்திகளே. அந்த வழக்கின் சட்ட நுணுக்கங்களுக்குள் நான் போக விரும்பவில்லை. எந்தக் கட்டடம் இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்பதை நீதிமன்றமும் அது அமைத்த குழுவும் பார்த்துக்கொள்ளட்டும். கட்டடத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் இரவில் நடப்பதைப் பற்றியே எனக்குப் பேச வேண்டியிருக்கிறது.

பகல் முழுவதும் இந்தக் காட்டில் மனிதர்கள் இருக்கிறார்கள். மாடு மேய்ப்பவர்கள், விறகு பொறுக்குபவர்கள், சாலையில் வரிசையாகப் போகும் கார்கள், மின்வாரிய ஊழியர்கள் என்று ஓய்வில்லாத நடமாட்டம். விலங்குகள் இதற்குத் தங்களைப் பழக்கிக்கொண்டுவிட்டன. வெயில் நேரத்தில் உண்ணிப் புதருக்குள் ஒதுங்கி நின்று, இருட்டிய பிறகே தண்ணீருக்கு இறங்குகின்றன. அவற்றுக்கென்று எஞ்சியிருப்பது இரவு ஒன்றுதான். கர்நாடகத்தின் பந்திப்பூர் காடு வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடிவைக்கும் ஏற்பாடு 2009ஆம் ஆண்டு வந்தது. அழுகிப்போகக்கூடிய காய்கறியை ஏற்றிய லாரிகளும், மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள் பயணம் செய்யும் வாகனங்களும்கூட அந்த நேரத்தில் காத்து நிற்கின்றன. வயிற்றுப்பாட்டுக்காக ஓடும் வண்டி நிற்கிறபோது, உண்டு களித்து முடித்தவர்களின் பொழுதுபோக்குக்காக உங்கள் ஜீப்புகள் மண்பாதைகளில் ஸ்பாட்லைட் அடித்துக்கொண்டு சுற்றுகின்றன. இதை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு ஆற்றாமை மேலிடுகிறது.

சென்ற கோடையில் நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவரை மருத்துவமனையில் காட்டிவிட்டு ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். பொக்காபுரம் போகும் பாதையில் குட்டியோடு ஒரு யானைக் கூட்டம் சாலையைக் கடக்க நின்றிருந்தது. முன்னால் ஒரு ஜீப், பின்னால் ஒரு ஜீப். இரண்டிலும் விளக்கு அணைக்கப்படவில்லை. பெரிய யானைகள் நெருங்கி நின்று குட்டியை நடுவில் மறைத்துக்கொண்டன. அத்தோடு விட்டிருக்கலாம். ஒரு ஜீப்பின் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி வைத்தபடியே என்ஜினை உறுமவிட்டார். மூத்த பெண் யானை காதை விரித்துக்கொண்டு நான்கு எட்டு முன்னால் வந்து நின்றது. ஜீப்பில் இருந்தவர்கள் கூச்சலிட்டுச் சிரித்தார்கள். இன்னொரு முறை செய்யுங்கள் என்று கேட்டார்கள். இன்னொரு முறையும் அது செய்யப்பட்டது. எங்களோடு ஆட்டோவில் இருந்த அந்த நோயாளி, "குட்டி வெச்சிருக்குதுப்பா, விட்டுருங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவருடைய குரல் அந்த ஜீப் வரைக்கும் போயிருக்காது.

அந்த ஓட்டுநர் என் பழைய மாணவர். பிறகு ஒருநாள் அவரைச் சந்தித்தபோது, ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன். யானை பேசாமல் புல் தின்றுகொண்டிருந்தால் விருந்தினர்கள் இரண்டு நிமிடத்தில் சலித்துவிடுகிறார்கள் என்றும், அது பாய்ந்து வந்தால்தான் கையில் டிப்ஸ் கொடுக்கிறார்கள் என்றும், நல்ல காட்சி காட்டாத ஓட்டுநரை அடுத்த முறை விடுதிக்காரர் கூப்பிடுவதில்லை என்றும் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பதிலில்தான் நான் உங்களிடம் கேட்க விரும்புவது முழுவதும் அடங்கியிருக்கிறது. பணம் கொடுத்தேன், அவர்கள் காட்டினார்கள் என்கிறார் விருந்தினர். விருந்தினர் கேட்டார், முதலாளி அனுப்பினார் என்கிறார் ஓட்டுநர். இணையத்தில் ஒரு நட்சத்திரம் குறைந்தால் அடுத்த மாதம் அறை காலியாகக் கிடக்கும் என்கிறார் உரிமையாளர். ஒவ்வொருவரும் தம்முடைய மனசாட்சியை அடுத்தவர் பொறுப்பில் விட்டுவிடுவதால், கடைசியில் அந்தப் பாதையில் மனசாட்சியோடு நின்றவர் ஒருவரும் இல்லாமல் போகிறார். அங்கே விற்கப்பட்ட இன்பம், ஒரு தாய் யானையின் பயம். பயப்படாவிட்டால் சரக்கு விலைபோகாது என்பதால், பயமுறுத்துவது உங்கள் தொழிலின் ஓர் அங்கமாகவே ஆகிவிட்டது.

இப்படிப் பழகிய கண்ணுக்கு ஓர் உயிர் எவ்வளவு விரைவில் வெறும் பொருளாகிவிடும் என்பதை 2021 ஜனவரியில் நம் மாவனல்லாவிலேயே பார்த்தோம். தங்குமிடமாக நடத்தப்பட்ட ஒரு வீட்டின் அருகே வந்த கொம்பன் யானையின் மீது எரியும் பொருளை எறிந்தார்கள். காதில் தீப்பற்றிய நிலையில் அது பிளிறிக்கொண்டு ஓடியதைப் படம் பிடித்து வைத்திருந்தார்கள் என்பது எனக்கு இன்னும் கொடுமையாகத் தெரிகிறது. ஜனவரி 19 அன்று தெப்பக்காடு யானைகள் முகாமுக்குக் கொண்டுசெல்லும் வழியில் அந்த யானை இறந்தது. சில நாள் கழித்து வீடியோ வெளியானது, கைது நடந்தது, அந்த இடத்துக்கு முத்திரை வைத்தார்கள். லாரியில் கிடந்த யானையின் துதிக்கையைத் தடவிக்கொண்டு வனக் காவலர் ஒருவர் அழுததை நாடே பார்த்தது. அப்போது உங்களில் பலர் மனம் வருந்திப் பேசினீர்கள். அது உண்மையான வருத்தம் என்பதை நான் நம்புகிறேன். ஆனால் தீ வைத்தவர்கள் எங்கிருந்தோ வந்த அரக்கர்கள் என்று சொல்லி நாம் அத்தோடு முடித்துக்கொண்டோம். யானை நமக்கு வேண்டியபோது வந்து நின்று வேடிக்கை காட்ட வேண்டும், வேண்டாதபோது ஓடிப்போக வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தால், பதில் நம் ஊரிலேயே கிடைத்திருக்கும்.

விடுதிகளின் பின்புறத்தில் பலாப்பழமும் தர்பூசணித் தோலும் உப்பும் போட்டு வைப்பதை நான் அறிவேன். அறைகளைத் துப்புரவு செய்யும் பெண்களும் சமையல்காரர்களும் சொல்லி ஊருக்கே தெரிந்த செய்தி அது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972, வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்தில் கொல்வதை மட்டும் சொல்லவில்லை; விலங்கை விரட்டுவதையும் தீனி காட்டி ஈர்ப்பதையும் சேர்த்தே சொல்கிறது. துப்பாக்கி தூக்காதவரெல்லாம் வேட்டைக்காரர் இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அதை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். தீனிக்குப் பழகிய யானையின் கதி என்னவாகும் என்பதற்கு வாழைத்தோட்டத்தில் திரிந்த ரிவால்டோவே சாட்சி. மனிதர் கொடுத்ததைத் தின்று பழகி ஊரைச் சுற்றியே வந்த அந்த யானையை 2021 மே மாதம் மரக்கூண்டில் அடைக்க வேண்டியதாயிற்று. ஆகஸ்டில் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டபோது அது ஓரிரு நாளிலேயே பழைய இடத்துக்குத் திரும்பி நடந்து வந்துவிட்டது. அதற்கு நாம் கற்றுக்கொடுத்த பாடம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது.

இரவில் மிரட்டப்பட்ட யானையை விடியற்காலையில் எதிர்கொள்பவர் யார் என்பதை நீங்கள் எண்ணிப் பார்த்திருப்பீர்களா என்று தெரியவில்லை. விருந்தினர் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார். தண்ணீர் எடுக்கப் போகும் இருளர் வீட்டுப் பெண், பால் ஊற்றப் போகிற முதியவர், பேருந்துக்கு நடந்து வரும் பள்ளிப் பிள்ளைகள் ஆகியோரே அதன் எதிரில் வருகிறவர்கள். இந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாக யானையோடு வாழ்ந்தவர்களுக்கு அதன் நடையையும் மணத்தையும் வைத்து ஒதுங்கிப் போகத் தெரியும். முந்தின இரவு விளக்காலும் என்ஜின் சத்தத்தாலும் குழம்பிப்போன யானை எப்படி நடந்துகொள்ளும் என்பது அவர்களுக்கும் தெரியாது. இன்பம் ஒருவருக்கும் ஆபத்து இன்னொருவருக்கும் என்று பிரித்துக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டில் விலை கொடுப்பவர்களை யாரும் கேட்டதில்லை. மனுவில் முதல் கையெழுத்துகள் அவர்களுடையவை.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலிகளால் யானைகள் தூரத்தில் இருக்கும் தங்கள் கூட்டத்தோடு பேசிக்கொள்கின்றன. டி.ஜே. வைத்து நெஞ்சு அதிர ஒலிபெருக்கியைப் போடும்போது அந்த அதிர்வு வேலியோடு நின்றுவிடுவதில்லை. இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி 2000ஆம் ஆண்டிலிருந்து நாடு முழுவதற்கும் இருக்கிறது. புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் அது மீறப்படுகிறது. ஓடைக்கரை நீர்மருது மரங்களில் பாறுக் கழுகுகள் கூடு கட்டும் கடைசி இடங்களில் ஒன்று இது. ஒரு பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடுகிறது. கூட்டுக்கு மேல் டிரோன் பறக்கவிட்டு, தாய்ப்பறவை பதறி எழுவதைப் படம் பிடித்தால் அந்த ஆண்டின் குஞ்சு போயிற்று. கேம்ப் ஃபயருக்கும் இதையே சொல்வேன். மாசி, பங்குனி மாதங்களில் உண்ணிச்செடியும் புல்லும் சருகாகக் காய்ந்து கிடக்கும்போது, ஒரு பொறி என்ன செய்யும் என்பதை 2019 பிப்ரவரியில் எல்லைக்கு அந்தப் பக்கம் பந்திப்பூர் எரிந்தபோது பார்த்தோம்.

மதுப்புட்டிகள் விஷயத்தில் அரசும் நீதிமன்றமும் தலையிட வேண்டிய அளவுக்கு நிலைமை போய்விட்டது. காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற திட்டம் 2022 மே மாதம் முதலில் நம் நீலகிரியில்தான் தொடங்கியது, ஏனென்றால் உடைந்த கண்ணாடி யானையின் காலில் ஏறினால் அந்தப் புண் எளிதில் ஆறுவதில்லை. சாலையோரம் குடிப்பவர்களைப் பிடிக்க வனத்துறையும் காவல்துறையும் இருக்கின்றன. உங்கள் ஜீப்பில் ஏறிக் காட்டுக்குள் போய்க் குடித்துவிட்டு எறிபவரை யார் பிடிப்பது?

இ-பாஸ் வந்துவிட்டதே, அதுவே போதாதா என்று உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானதும், 2025 ஏப்ரலில் இருந்து நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உயர் நீதிமன்றம் வரம்பு விதித்ததும் நல்லவையே. ஆனால் அது மலைக்கு வரும் வண்டிகளை எண்ணும் ஏற்பாடு. உள்ளூர் வண்டிகளுக்கு அது பொருந்தாது. வந்தவர் இரவில் உங்கள் ஜீப்பில் ஏறி என்ன செய்கிறார் என்பதை எந்த எண்ணிக்கையாலும் தடுக்க முடியாது. உங்களால் மட்டுமே முடியும்.

இனி, நீங்கள் சொல்லக்கூடிய பதிலில் இருக்கும் நியாயத்தையும் நான் மறைக்காமல் எழுத வேண்டும். இந்த ஊரில் வேறு பிழைப்பு குறைவு. பைக்காரா, மாயாறு மின்திட்டங்களுக்குக் கூலிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் உங்களில் பலர். மாடு வைத்து, சாணத்தை மூட்டை கட்டிக் கேரளத் தோட்டங்களுக்கு விற்று வாழ்ந்த காலம் மெல்லப் போய்விட்டது. 2018இல் விடுதிகள் மூடப்பட்டபோது அறை துடைக்கிறவர்களும் சமையல் செய்கிறவர்களும் ஒரே நாளில் வேலை இழந்து நின்றதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவர்களுடைய பிள்ளைகளின் புத்தகச் செலவு தடைப்பட்டதையும் பார்த்தேன். சுற்றுலாவே வேண்டாம் என்று சொல்லும் வெளியூர்க்காரர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. காட்டைப் பார்த்து மகிழ வேண்டும் என்ற ஆசை குற்றம் என்று நான் நினைக்கவும் இல்லை. விடியற்காலையில் மாயாற்றுப் பக்கம் நின்று தூரத்தில் ஒரு கூட்டம் இறங்கி வருவதைப் பார்க்கிறவரின் மகிழ்ச்சியால் யாருக்கும் கெடுதல் இல்லை. அப்படிப் பார்த்துவிட்டுப் போனவர்களில் சிலர் ஆண்டுதோறும் திரும்பி வருகிறார்கள். நம் பள்ளிகளுக்கு உதவியவர்களும் அவர்களில் உண்டு. கூச்சலிட்டு இன்னொரு முறை என்று கேட்டவர்கள் அடுத்த ஆண்டு வேறு ஓர் ஊருக்குப் போய் அங்கேயும் அதையே கேட்பார்கள். ஏனென்றால் அந்த வகை இன்பத்துக்கு நிறைவே கிடையாது. நேற்று யானை திரும்பிப் பார்த்தது போதுமாயிருந்தது, இன்று அது பாய வேண்டும், நாளை ஜீப்பைத் தொட வேண்டும். அந்த ஆசைக்கு நீங்கள் எதுவரை ஈடுகொடுப்பீர்கள்?

எனக்கு மிகவும் வலிப்பது பிள்ளைகளைப் பற்றிய கவலைதான். நான் வகுப்பெடுத்த காலத்தில், ஒற்றை யானை வந்திருக்கிறது என்றால் பிள்ளைகள் குரலைத் தாழ்த்துவார்கள். வீட்டில் தாத்தாவும் பாட்டியும் அதைச் சாமி என்று சொல்லிக் கும்பிட்டதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். இப்போது பதினைந்து வயதுப் பையன்கள் கைபேசியில் டார்ச் அடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். எந்த இடத்தில் யானை நிற்கிறது என்று ஜீப்காரருக்குத் தகவல் சொன்னால் காசு கிடைக்கும் என்பதை அவர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். அந்தக் காசைக் கொடுப்பவர்கள் நீங்கள். நாளைக்கு இந்தப் பிள்ளைகள் மனிதரிடமும் அப்படியே நடந்துகொள்ளப் பழகினால், இன்னொருவர் துன்பம் தனக்கு வருமானம் என்று எண்ணப் பழகினால், அதற்குப் பாடப்புத்தகத்தில் மருந்து கிடையாது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. இந்த விடுமுறைக் காலத்திலிருந்தே இரவு ஜீப் சவாரியை முற்றாக நிறுத்துங்கள். அறை முன்பதிவு செய்யும்போதே அப்படி ஒன்று இங்கே கிடையாது என்று எழுத்தில் தெரிவியுங்கள். துண்டறிக்கைகளிலும் இணைய விளம்பரங்களிலும் உள்ள அந்த வரியை நீக்குங்கள். காடு பார்க்க விரும்புகிறவர்களை வனத்துறை பகலில் நடத்தும் வாகனத்துக்கு அனுப்புங்கள். சவாரி நின்றால் ஜீப் ஓட்டும் இளைஞர்களுக்கு வருமானம் குறையும் என்பதால், விருந்தினரை அழைத்து வருவதற்கும் திரும்பக் கொண்டுபோய் விடுவதற்கும் நியாயமான ஒரு கட்டணத்தை எல்லா விடுதிகளும் சேர்ந்து முடிவு செய்து அவர்களுக்குக் கொடுங்கள். டிப்ஸை நம்பி ஒருவர் பிழைக்கும் நிலை இருக்கும்வரை என்ஜின் உறுமிக்கொண்டுதான் இருக்கும்.

விலங்குகளுக்குத் தீனி வைப்பதை இன்றே விட்டுவிடுங்கள். உணவுக் கழிவை மூடிய தொட்டியில் பூட்டி வைத்து, ஊராட்சி வண்டியிடம் ஒப்படையுங்கள். இருட்டிய பிறகு வெளியில் ஒலிபெருக்கி வேண்டாம். தை மாதம் தொடங்கி நல்ல மழை விழும்வரை திறந்த வெளியில் தீ மூட்ட வேண்டாம். டிரோன் கொண்டு வருகிறவரிடம் வரவேற்பறையிலேயே அதை வாங்கி வையுங்கள். யானை இருக்கும் இடத்தைச் சொல்லும் பிள்ளைகளுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஜீப் ஓட்டும் தம்பிமார்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். விருந்தினர் அதிகாரத்தோடு கேட்டாலும், முதலாளி கோபித்துக்கொண்டாலும், விலங்கை மிரட்டும் செயலுக்கு முடியாது என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னதற்காக ஒருவருக்கு வேலை போனால் எங்களிடம் வாருங்கள். மனுவில் கையெழுத்திட்ட நாங்கள் அத்தனை பேரும் அவரோடு வந்து அந்த விடுதி உரிமையாளரிடம் பேசுவோம்.

கடைசியாக, வாசிக்கப்படாத அந்த மனுவை வாசிப்பதற்கென்றே பதினைந்து நாளுக்குள் ஒரு கூட்டம் கூட்டுங்கள். இருளர், குறும்பர் குடியிருப்புகளிலிருந்து இரண்டிரண்டு பேரையாவது அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்து, அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். எடுக்கும் முடிவை, ஏற்றுக்கொண்டாலும் மறுத்தாலும், காரணத்தோடு எழுதி ஊராட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அந்தத் தாளில் விடுதி உரிமையாளர் ஒவ்வொருவரும் தம் பெயரை எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற ஆசிரியர்,
மசினகுடி